காயலாங்கடைக்குள் கத்தி தூங்குகிறது, தெரியுமா?

தெருமுனைக் காயலாங்கடையில் துருவும் கிரீஸுமாகக் குவிந்து கிடக்கிறதே ஒரு மலை, அடுத்த முறை அதைக் கொஞ்சம் மரியாதையோடு பாருங்கள். உடைந்த லாரி ஸ்பிரிங் பட்டை, பல் மழுங்கிய அரம், மர அறுவை மில்லின் பழைய வட்ட ரம்பம், தேய்ந்துபோன பேரிங்… கிலோ இவ்வளவு என்று எடைக்குப் போடுகிறோமே, இவையெல்லாம் நல்ல கத்திக்கு நெருங்கிய சொந்தம்! ஒரே ஒரு சிக்கல். அரத்துக்கு இன்னமும் தான் அரம் என்றே நினைப்பு. ஸ்பிரிங்குக்குத் தான் ஸ்பிரிங் என்றே நினைப்பு. அந்தப் பழைய நினைப்பை நெருப்பில் போட்டு மறக்கடித்துப் புது வேலை கற்றுக்கொடுப்பதுதான் உலைக்களத்தின் வித்தை. இரும்பு எதை மறக்கும், எதை மறக்காது? கேட்டால் அசந்துபோவீர்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நூறு கிராம் லாரி பட்டையில் கார்பன் சுமார் 0.6 கிராம்தான். நல்ல அரத்தில் 1 முதல் 1.2 கிராம். பேரிங் குண்டில் 1 கிராம், துணைக்கு ஒன்றரை கிராம் குரோமியம். வீடு கட்டும் கம்பியில் கால் கிராம் அளவுக்குத்தான். ஒரு கிராம்கூடத் தேறாத இந்த வித்தியாசம்தான் கத்திக்கும் கம்பிக்கும் நடுவே நிற்கிற மதில்! கான்கிரீட் போட்டு மிஞ்சிய கம்பியைத் தட்டிக் கத்தி செய்தால் பார்க்க லட்சணமாக இருக்கும். இரண்டு வெண்டைக்காய்க்குப் பிறகு சாணைக்கல்லைத் தேட வேண்டியதுதான்.

சரி, காயலாங்கடைக்காரரிடம் போய் இதில் கார்பன் எவ்வளவு என்று கேட்கவா முடியும்? அவசியமே இல்லை. தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பு கொளுத்திய கண் இருந்தால் போதும்! இரும்பைச் சாணைச் சக்கரத்தில் ஒரு வினாடி வையுங்கள். கார்பன் குறைந்த இரும்பு நீளநீளமாக, அமைதியாக, ஒன்றிரண்டு கிளை மட்டும் விட்டுப் பொறி கக்கும். கார்பன் மிகுந்த அரமோ சக்கரத்தை ஒட்டியே பூப்பூவாக வெடித்துச் சிதறும். சக்கரம் பிய்த்தெறிந்த துகள் காற்றில் பறந்தபடியே எரிகிறது; உள்ளே இருக்கும் கார்பன் வாயுவாக மாறி, வெளியேற வழியில்லாமல் அந்தத் துகளையே வெடிக்க வைக்கிறது. கார்பன் கூடினால் வெடிப்பும் கூடும். சாணை பிடிப்பவர்கள் இதைப் பார்த்தே இரும்பின் ஜாதகம் சொல்லிவிடுவார்கள்.

இதில் ஒரு ஏமாற்று வேலையும் உண்டு, ஜாக்கிரதை! மலிவு அரங்கள் சில மேல்தோலில் மட்டும் கார்பன் ஏற்றியவை. உள்ளே வெறும் சாதா இரும்பு. ஆசையாக இழைத்துக் கத்தியாக்கினால் தோல் போய்விடும், சதைதான் மிஞ்சும். அதனால்தான் விவரமானவர்கள் அரத்தை வாங்கியதும் துணியில் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, நுனியை ஒரே போடாகப் போட்டு உடைத்துப் பார்ப்பார்கள். படக்கென்று கண்ணாடி மாதிரி உடைந்து, முறிந்த இடம் முழுக்க ஒரே சீராக மெல்லிய சாம்பல் நிறத்தில் இருந்தால் யோகம்தான்.

சாம்பலில் ஒரு ராத்திரித் தூக்கம்

மற்ற இரும்பை ராவுவதற்கென்றே பிறந்த அரத்தை எதைக் கொண்டு ராவுவது? துளை போடப் போனால் டிரில் பிட்டுதான் மழுங்கும். இங்கேதான் வருகிறது இளக்குதல். பட்டறைக்காரர்கள் அனீலிங் என்பார்கள். செக்கச் செவேலென்று காய்ச்சி, சாம்பலிலோ சுண்ணாம்புத் தூளிலோ புதைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவது. அவ்வளவேதான்! சாம்பல் போர்வைக்குள் அது இரவெல்லாம் ஆறும். காலையில் எடுக்கும்போதுகூடச் சில சமயம் கை சுடும். நேற்றுவரை எதற்கும் மசியாத அரம் இன்று சாதாரண ஹாக்ஸா பிளேடுக்கே வளைந்துகொடுக்கும்.

என்னதான் நடந்தது அந்த இரவில்? அரத்தின் முரட்டுத்தனத்துக்குக் காரணம், இரும்பு அணுக்களின் இடுக்கில் மாட்டிக்கொண்ட கார்பன் அணுக்கள். தப்பிக்க நேரம் கொடுக்காமல் அவற்றை யாரோ ஒரு தொழிற்சாலையில் திடீரென்று குளிர்வித்துப் பூட்டிவிட்டார்கள். மறுபடி காய்ச்சியதும் பூட்டு திறக்கிறது. மெதுவாக ஆறும்போது கார்பன் நிதானமாக வெளியேறித் தனியே ஒதுங்கிக்கொள்கிறது. அவசரமாகக் குளிர்ந்தால் கல், ஆற அமரக் குளிர்ந்தால் களிமண். அதே இரும்பு, அதே கார்பன், ஒரு குந்துமணி கூடவும் இல்லை குறையவும் இல்லை!

சூட்டை அதிகமாக்கிவிட்டால் வேறொரு கூத்து நடக்கும். இரும்புக்குள்ளே இருக்கும் மணிகள் ஒன்றையொன்று விழுங்கிப் பருத்துவிடும். அப்படிப்பட்ட துண்டை உடைத்தால் உள்ளே கற்கண்டு மாதிரிப் பளபளக்கும். அழகைப் பார்த்து மயங்காதீர்கள், அந்தக் கத்தி கீழே விழுந்தாலே இரண்டாகும். ஆனால் இந்தப் பாவத்துக்கும் பரிகாரம் உண்டு: அளவான சூட்டில் காய்ச்சி, காற்றில் ஆறவிட்டு, மறுபடி காய்ச்சி, இப்படி இரண்டு மூன்று முறை. சம்மட்டியால் ஒரு அடிகூட அடிக்க வேண்டாம், மணிகள் தாமாகவே பொடிந்து நுணுகிவிடும்.

காந்தம் கைவிடும் நேரம்

அளவான சூடு என்று சொல்லிவிட்டேன், அளப்பது எப்படி? பட்டறையில் ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். இரும்பு சுமார் 770 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் காந்தம் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது! பியேர் கியூரியின் பெயரால் வழங்கும் வெப்பநிலை இது. அதைத் தாண்டி இன்னும் ஒரு சாயல் பிரகாசமானால் போதும், அரமோ லாரி பட்டையோ தோய்ச்சலுக்கு, அதாவது தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கித் திடீரென்று குளிர்விப்பதற்குத் தயார். இரண்டாயிரம் ரூபாய் வெப்பமானி செய்யும் வேலையைப் பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் செய்துவிடுகிறது.

இதைவிட வேடிக்கை உங்கள் சமையலறையில் இருக்கிறது. எவர்சில்வர் தட்டில் காந்தம் ஒட்டுவதில்லையே, ஏன்? காய்ச்சிய எஃகுக்குள் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்குமோ, அதே அடுக்குதான் எவர்சில்வருக்குள்ளும்! நூற்றுக்குப் பதினெட்டு பங்கு குரோமியம், எட்டு பங்கு நிக்கல் சேர்ந்ததில், உலைச் சூட்டில் மட்டும் வர வேண்டிய அந்த அடுக்கு நம் வீட்டுச் சூட்டிலேயே நிலைத்துவிட்டது. நீங்கள் தயிர்சாதம் சாப்பிடும் தட்டு உள்ளுக்குள் இன்னும் உலையில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனாலேயே அந்தத் தட்டை எத்தனை முறை காய்ச்சித் தண்ணீரில் போட்டாலும் கத்தியாகக் கடினப்படாது.

கத்திக்கேற்ற துருப்பிடிக்காத எஃகு வேறு வகை. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி அதை உருவாக்கினார். ஊர்க் கத்திக்காரர்களுக்கு அதைப் பதப்படுத்தும் சூடு பிடிபடவே இல்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அவரைக் கேலி செய்தார்கள்! குற்றம் எஃகில் இல்லை, சூட்டில்தான்.

இருட்டிய பட்டறையில் கவனித்துப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு காட்சி கிடைக்கும். சிவந்துகொண்டே வரும் கத்தியின் மேல் திடீரென்று ஒரு நிழல் ஊரும். மேகம் வயல்மேல் கடந்துபோவது போல. அணுக்கள் இடம் மாறி அடுக்கிக்கொள்ளும்போது வெப்பத்தைக் குடிக்கின்றன, அந்த இடம் ஒரு கணம் மங்கிவிடுகிறது. ஆறும்போது குடித்த வெப்பத்தைத் திருப்பிக் கக்குவதால் மங்கிக்கொண்டிருந்த இரும்பு மறுபடி பளீரென்று ஒளிரும். தானே மங்கித் தானே பிரகாசிக்கும் இரும்பு! மாயாஜாலம் என்று அந்தக் காலத்தில் நம்பியிருந்தால் யாரையும் குறை சொல்ல முடியாது.

ஒரு நொடியில் தலையெழுத்து

இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், தோய்ச்சல் வந்துவிட்டது. அரத்தைப் போன்ற வெறும் கார்பன் எஃகு, சிவந்த நிலையிலிருந்து ஏறக்குறைய 540 டிகிரிக்குக் கீழே இறங்க எவ்வளவு நேரம் அனுமதி தெரியுமா? சுமார் ஒரே நொடி! உலைக்கும் வாளிக்கும் நடுவே காலில் எதுவும் தடுக்கினால் போச்சு, கார்பன் தப்பி ஓடிவிடும், கத்தி தகரமாகிவிடும். குரோமியம் கலந்த லாரி பட்டை கொஞ்சம் பொறுமைசாலி, சில நொடி தவணை கொடுக்கும். வீட்டுக் கொல்லையில் முதன்முதலாக முயல்பவர்கள் பட்டையில் தொடங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தண்ணீர்தானே, முக்கினால் ஆறிவிடும் என்று நினைப்போம். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்கத் தண்ணீர் தெளிக்கிறோமே, நன்றாகக் காய்ந்த கல்லில் சொட்டுகள் ஆவியாகாமல் உருண்டு ஆட்டம் போடுமே, கவனித்திருக்கிறீர்களா? அடியில் ஒரு நீராவி மெத்தை உருவாகி, சொட்டைச் சூட்டிலிருந்து காப்பாற்றுகிறது. 1756இல் இதை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃப்ராஸ்டின் பெயரையே இதற்கு வைத்திருக்கிறார்கள். சிவந்த கத்தியைத் தண்ணீரில் விட்டாலும் அதேதான்: கத்தியைச் சுற்றி நீராவிச் சட்டை! உள்ளே கத்தி சுகமாக இருக்கும். தண்ணீரில் உப்பைக் கலந்தால் கத்தியின் மேல் படியும் உப்புப் பொடிகள் பட்பட்டென்று வெடித்து அந்தச் சட்டையைக் கிழித்துவிடும். ஆகவே உப்புத் தண்ணீர் சாதாத் தண்ணீரைவிட வேகமாகக் குளிர்விக்கும்.

இது தெரிந்த பிறகு ஒரு பழைய குறிப்பைக் கேளுங்கள். 12ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தியோஃபிலஸ் என்ற பெயரில் கைவினை நூல் எழுதிய துறவி, இரும்புக் கருவிகளுக்குத் தோய்ச்சல் போட ஆட்டு மூத்திரம் சொல்கிறார். ஆட்டை மூன்று நாள் பட்டினி போட்டு, பிறகு பெரணித் தழை மட்டும் தின்னக் கொடுக்க வேண்டுமாம். அதற்குப் பதிலாகச் செம்பட்டை முடிச் சிறுவனின் மூத்திரமும் ஆகுமாம்! சிரிக்கத்தான் தோன்றுகிறது. மூத்திரம் என்பது உப்புத் தண்ணீர்தானே? ஆடும் முடி நிறமும் அனாவசியம், உப்பு மட்டும் உண்மை.

எண்ணெயில் தோய்ப்பவர்கள் செய்வது நம் எதிர்பார்ப்புக்கே தலைகீழ். குளிர்ந்த எண்ணெயைவிட 50, 60 டிகிரிக்குச் சூடாக்கிய எண்ணெய்தான் கத்தியை வேகமாகக் குளிர்விக்கும்! சூடானால் எண்ணெய் நீர்த்து, கத்தியைச் சுற்றிச் சுறுசுறுப்பாக ஓடும், அதுதான் சங்கதி. (சமையல் எண்ணெய் தாராளமாகப் போதும். மெக்கானிக் கடையில் வடித்த கறுப்பு எண்ணெய் வேண்டவே வேண்டாம், அந்தப் புகை நுரையீரலுக்கு எமன். பக்கத்தில் மூடியும் மணலும் இல்லாமல் எண்ணெயில் கை வைக்காதீர்கள். துத்தநாகம் பூசிய இரும்பை உலையில் காட்டவே காட்டாதீர்கள், அந்தப் புகை காய்ச்சல் கொடுக்கும்.)

நல்ல தோய்ச்சலில் எஃகு கொஞ்சம் வீங்கவும் செய்கிறது. மாட்டிக்கொண்ட கார்பன் அணுக்கள் இரும்பின் அடுக்கைத் தள்ளி விரிக்கின்றன. ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் மார்ட்டென்ஸின் பெயரால் இந்த முரட்டு நிலைக்கு மார்ட்டென்சைட் என்று பெயர். ஜப்பானிய வாளின் வளைவு எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? முதுகில் களிமண்ணைத் தடிமனாகவும் வெட்டும் முனையில் மெல்லிசாகவும் பூசி, ஏறக்குறைய நேராக இருக்கும் வாளைத் தண்ணீரில் இறக்குகிறார்கள். முதல் கணத்தில் வாள் முன்பக்கம் குனியும். மறுகணம் முனை இறுகி விரிய, பின்பக்கமாக நிமிர்ந்து வளையும். அந்த வளைவில் ஒரு பங்கைச் சுத்தியல் தட்டவில்லை, தண்ணீர் வளைத்தது! இந்த இழுபறியில் பட்டறைக்காரரின் காது ஒரே ஒரு சத்தத்துக்குப் பயந்துகொண்டிருக்கும்: ‘டிங்’. கேட்டுவிட்டால் விரிசல். மாதக்கணக்கு உழைப்பு குப்பைக்கு.

நேபாளத்துக் குக்ரிக் கொல்லர்கள் இந்தப் பயத்துக்கு எளிமையான மருந்து வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் லாரி பட்டைதான் மூலப்பொருள். கத்தியை எதிலும் முக்குவதில்லை. தேநீர்க் கெண்டியில் தண்ணீர் எடுத்து, சிவந்த குக்ரியின் வெட்டும் முனை நெடுக மட்டும் ஊற்றிக்கொண்டே போகிறார்கள். முனை கல், முதுகு கெட்டி நார். எலும்பில் மோதினாலும் உடையாது.

நம் ஊருக்கு வருவோம். சிவகங்கைச் சீமையில் திருப்பாச்சேத்தி அரிவாளைத் தெரியாதவர் யார்? அதுவும் லாரி பட்டையில் பிறந்ததுதான். அதே சீமையின் காளையார்கோவில்தான் சங்ககாலக் கானப்பேர் என்கிறார்கள். அங்கிருந்த கோட்டை பறிபோனதைப் பாடிய ஐயூர் மூலங்கிழார், புறநானூற்று 21ஆம் பாட்டில் பிடித்த உவமை என்ன தெரியுமா? காய்ந்த இரும்பு குடித்த தண்ணீர்! அதை மீட்க முடியாதது போலக் கோட்டையையும் மீட்க முடியாது என்று சொல்ல வருகிறார். கொல்லுப்பட்டறையில் நின்று தோய்ச்சலை வேடிக்கை பார்த்த கண் இல்லாமல் இப்படி ஒரு உவமை வருமா? அரிவாளும் உவமையும் ஒரே சீமையில் வந்து சேர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் புல்லரிக்கிறது.

வைக்கோல் நிறத்தில் நிறுத்து!

தோய்ச்சல் முடிந்த கத்தி கத்தியே அல்ல. சிமெண்ட் தரையில் நழுவவிட்டால் கண்ணாடி வளையல் போலச் சிதறும். உடனே கொஞ்சம் இளக்க வேண்டும், இதைத்தான் பட்டறையில் டெம்பர் என்கிறார்கள். அளவுகோல்? வண்ணம்! பளிச்சென்று தேய்த்த எஃகைச் சூடாக்கினால் 200 டிகிரியைத் தாண்டியதும் வெளிர் வைக்கோல் நிறம் வரும். 250ஐ ஒட்டிப் பழுப்பு, 280ஐ ஒட்டி ஊதா, 300ஐ நெருங்க மயில் கழுத்து நீலம். எந்தச் சாயமும் பூசவில்லை. எஃகின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் வளர்கிறது. சோப்புக் குமிழியில், மழைத் தெருவில் சிந்திய பெட்ரோலில் வண்ணம் தெரிவது போலவே, படலத்தின் தடிமனுக்குத் தக்கபடி நிறம் மாறுகிறது. சமையல் கத்தியை வைக்கோல் நிறத்தோடு நிறுத்துவார்கள். நீலம் வரை போனால் ஸ்பிரிங்குக்கு ஆகும், முனைக்கு ஆகாது. கேக் சுடும் ஓவன் உள்ளவர்களுக்கு இன்னும் சுலபம்: 200 டிகிரி, இரண்டு மணி நேரம், இரண்டு முறை. வீட்டில் யாரும் பிஸ்கட் என்று திறந்து பார்க்காமல் இருக்க வேண்டும்!

இப்படிப் பழைய இரும்பைக் கத்தியாக்கியதில் கின்மென் தீவை மிஞ்ச ஆளில்லை. சீனக் கரையோரம் இருக்கும், தைவான் வசமுள்ள இந்தத் தீவின் மேல் 1958 ஆகஸ்ட் 23இல் தொடங்கி 44 நாளில் சீனாவின் பீரங்கிக் குண்டுகள் சுமார் 4,70,000 விழுந்தன. அதன் பிறகும் ஒருநாள் விட்டு ஒருநாள் பிரசுரத் தாள் அடைத்த குண்டுகள், 1979 புத்தாண்டு வரை! தாள் குண்டுகள் சுக்குநூறாக வெடிக்காமல் பிளந்து விழுந்ததால் எஃகு முழுசாகக் கிடைத்தது. தீவின் கொல்லர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு குண்டில் 60 கத்தி வரை தேறுமாம். இன்று அங்கே போகிறவர்கள் வாங்கிவரும் பெருமைமிகு பொருளே அந்தச் சமையல் கத்திதான். எதிரி அனுப்பிய எஃகில் கீரை அரிகிறார்கள்! (யுத்த பூமியில் கிடைக்கும் பழைய குண்டை யாரும் தொட்டுப் பார்க்கக்கூடாது என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.)

குண்டு மட்டுமா விழுந்தது? 1621 ஏப்ரலில் ஜலந்தர் பக்கம் வானத்திலிருந்து ஓர் இரும்புக் கட்டியே விழுந்தது. பேரரசர் ஜஹாங்கீர் அதை வரவழைத்து எடை போட்டார்: 160 தோலா. உஸ்தாத் தாவூத் என்ற கொல்லரிடம் கொடுத்து வாள் அடிக்கச் சொன்னார். சம்மட்டி பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது! மூன்று பங்கு வான இரும்புக்கு ஒரு பங்கு மண் இரும்பு கலந்த பிறகுதான் அடங்கியது. அதில் பிறந்த கத்தி ஒன்று இன்றும் வாஷிங்டன் ஃப்ரீயர் காட்சியகத்தில் இருக்கிறது. துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த குத்துவாளும் வானத்து இரும்புதான், 2016இல் வெளிவந்த ஆய்வு அதில் 11 சதவீதத்தை ஒட்டி நிக்கல் இருப்பதைக் காட்டியது.

இரும்பு எதை மறக்காது என்றேனே, அதற்கு வருகிறேன். பத்து ஆண்டு மேடுபள்ளத்தில் லாரியைத் தாங்கிய பட்டைக்குள் மயிரிழை விரிசல்கள் ஒளிந்திருக்கும். சாம்பலில் எத்தனை ராத்திரி தூங்கினாலும் அவை ஆறாது, தோய்ச்சல் வாளியில்தான் வாயைத் திறக்கும். அதனால்தான் புதுப் பட்டையில் வெட்டி எறிந்த துண்டுக்குத் தனி மவுசு. இன்னொரு நினைவு இதைவிட விசித்திரம்: எஃகு தான் பிறந்தபோது உலகத்தில் வீசிய காற்றை மறப்பதில்லை! 1945க்குப் பிறகு அணுகுண்டுச் சோதனைகளின் கதிரியக்கத் தூசு காற்றில் கலந்தது, உருக்காலைகள் அந்தக் காற்றையே ஊதின. கதிரியக்கத்தை நுட்பமாக அளக்கும் கருவிகளுக்கு அது ஆகாதே? ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃபுளோவில் 1919 ஜூன் 21 அன்று ஜெர்மானியக் கடற்படையே தன் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டது, 52 கப்பல்கள் அடிக்குப் போயின. அந்தக் கப்பல் எஃகைக் கடலடியிலிருந்து வெட்டியெடுத்துக் கருவிகளுக்குப் பயன்படுத்தினார்கள். பழைய இரும்புக்கு இப்படியும் ஒரு கிராக்கி!

காபி கேட்கும் கத்தியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அடுப்படியில் என்னை மன்னிக்க மாட்டார்கள். கிரேன் கம்பிவடத்தை வெண்காரம் தூவிக் காய்ச்சி, ஒரே கட்டியாக அடித்துப் பற்றவைத்துக் கத்தி செய்கிறவர்கள் உண்டு. பாம்புத் தோல் போல வரி வரியாக விழும். அமிலத்தில் நனைத்து வரியை எழுப்பிய பிறகு, கெட்டியாகக் கரைத்த இன்ஸ்டன்ட் காபியில் சில மணி நேரம் ஊறப்போடுகிறார்கள். வரிகள் கறுகறுவென்று ஏறிவிடும். பாலும் சர்க்கரையும் சேர்க்க வேண்டாம்!

அரத்தில் கத்தி செய்கிறவர்களுக்கு மட்டும் ஒரு சபலம் இருக்கிறது. எல்லாப் பல்லையும் இழைத்து எடுத்துவிடாமல், முதுகுப் பக்கம் நாலு வரிசையை அப்படியே விட்டுவைப்பார்கள், இது முன்ஜென்மத்தில் அரம் என்று ஊருக்குத் தெரியட்டுமென்று. பார்க்கக் கொள்ளை அழகு. ஆனால் தோய்ச்சல் வாளியில் ‘டிங்’ என்று கேட்டால், விரிசல் கிளம்பிய இடத்தைத் தேட வேண்டியதே இல்லை. விட்டுவைத்த பல்லின் பள்ளத்தில் பாருங்கள்.